10 மீட்டர் ஏர் ரைபிள்: எந்த பெல்லட், எந்த லாட்? கொங்கு நாட்டு ஷூட்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்களும், புதிதாகச் சேரும் இளவட்டங்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

வெளிநாட்டுல மாதிரி நாமளே வீட்டுல தோட்டா நிரப்பிக்கலாமுங்களா?

கூடாதுங்க. ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்கா மாதிரி நாடுகளில் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மருந்தைப் பற்ற வைக்கும் புது பிரைமர் பதித்து, மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுத்துப் போட்டு, முனைக்குண்டை அழுத்தி உட்கார வைப்பதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு சேர்மானம் ஒத்துப்போகும், அதைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்களுக்கு ருசி.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பது தோட்டா தயாரிக்க உரிமம் ஆகாது. மீறினால் சிறைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்னிக்கு வைக்கிற, வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள் கணக்கில் துடித்துச் செத்த யானைகள் உண்டு. வெடிமருந்தோடு வீட்டில் கை வைக்கும் எந்தப் பேச்சையும் நான் பக்கத்தில் விடுவதில்லை.

ஆனால் அந்தப் பொழுதுபோக்கின் உயிர் மருந்தில் இல்லை. என் பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, எது ஒத்துப்போகிறது என்று பொறுமையாகத் தேடுவதில் இருக்கிறது. அந்தத் தேடல் முழுக்க ஏர் ரைபிளில் போடும் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டான பெல்லட்டிலும் உண்டு. 50 மீட்டர் போட்டிக்கான பாயின்ட் 22 ரிம்ஃபயர் தோட்டாவை வெளிநாட்டிலும் யாரும் மறுபடி நிரப்புவதில்லை. அதில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறை அடித்தால் விளிம்பு நசுங்கிவிடும். அந்த ஷூட்டர்களும் நம்மைப் போல லாட் லாட்டாக, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி தொகுதியாக, சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேணுங்களா?

2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது 0.177 அங்குலத்துக்குள், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். போட்டி ரைபிள்கள் சுமார் 7.5 ஜூல்தான், அதனால் தாராளமாக உள்ளே வந்துவிடும். பாயின்ட் 22 ஏர் ரைபிள் வேறு கதை, அதை உரிமம் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய பில்லை பத்திரமாக வைத்து, ரைபிளோடு பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது உறைக்குள் வைத்தே கொண்டு போங்கள்.

பெல்லட்டுனா எல்லாம் ஒரே ஈயக்குண்டு தானுங்களே, அதுல என்ன வித்தியாசம்?

தேர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் பார்த்ததை வைத்துக் கேட்கிறீர்கள். அங்கே எதைப் போட்டாலும் பலூன் வெடித்துவிடும். நமக்கு இலக்கு வேறு.

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம்தான், பேனா முனை வைத்த அளவு. பெல்லட் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அப்படியானால் பெல்லட்டின் நடுப்புள்ளி இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அங்கிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். கடைசிக் கால் மில்லிக்குள் விழுந்தால் 10.9. இதை 60 முறை செய்ய வேண்டும், உச்சம் 654.0.

போட்டி பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்கும், காகிதத்தில் வட்டமாக, பஞ்சிங் மெஷினில் அடித்த மாதிரி ஓட்டை விழ அதுதான் காரணம். நடு இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும். தலை பேரலின் உட்புறச் சுழல் வரிகளைப் பிடித்துச் சுழலும். பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். அந்தப் பாவாடையின் ஓரம் காகிதம் மாதிரி மெல்லியது. அதில் ஒரு நெளிவு இருந்தால் காற்று ஒருபக்கமாகத் தள்ளும்.

எந்த பிராண்ட் நல்லதுங்க?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆர்டபிள்யூஎஸ், ஹெச் அண்ட் என், ஜேஎஸ்பி மூன்றுமே நல்ல போட்டி பெல்லட் செய்கிறார்கள். உங்கள் பேரலுக்கு எது நல்லது என்பது டப்பா மேல் எழுதியிருக்காது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ரேஞ்சில் ஒருவர் ஒரு டப்பாவை வைத்து அருமையாக அடித்ததைப் பார்த்து, அதே பெயர், அதே எடை என்று ஐந்து டப்பா ஒரேயடியாக வாங்கினேன். அடுத்த ஒரு மாதம் என் ஸ்கோர் படுத்துவிட்டது. நான் ரைபிளைக் குறை சொன்னேன், குறி பார்க்கும் சைட்டைக் கழற்றி மாட்டினேன், கையுறையை மாற்றினேன், நிற்கும் நிலையை மாற்றிக் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் ரைபிளைப் பட்டறை இடுக்கியான வைஸில் கட்டி அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய டப்பா ஒரே ஓட்டையாகப் போகிறது, புது டப்பா பரந்து விழுகிறது. பெயர் ஒன்றுதான், லாட் எண் வேறு. அச்சு தேய்ந்தாலோ, புது அச்சு மாற்றினாலோ, ஈயச் சுருள் மாறினாலோ உருப்படி மாறும். லேத் ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது, எனக்கு மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆகவே பிராண்டைக் கேட்காதீர்கள், லாட் எண்ணைப் பாருங்கள். முதலில் ஒரு டப்பா வாங்கிச் சோதியுங்கள். ஒத்துப்போனால் அதே லாட்டில் ஒரு வருடத்துக்கு ஆவதை வாங்கி வையுங்கள்.

லாட் சோதனையை எப்படிச் செய்யறதுங்க?

முதலில் மனிதக் கையை விலக்க வேண்டும். நான் எங்கள் பட்டறையில் ஒரு கனமான இரும்புப் பலகை மேல் வைஸ் பொருத்தி, தாடைக்கு இரண்டு பக்கமும் தோல் ஒட்டி வைத்திருக்கிறேன். பிடிப்பது ரைபிளின் உடற்பகுதியை. பேரலைப் பிடித்து இறுக்கக் கூடாது, காற்றுச் சிலிண்டரைத் தொடவே கூடாது. மேசை ஆடினால் சோதனையே வீண். வைஸ் வசதி இல்லாதவர்கள் மணல் மூட்டை மேல் வைத்து அடிக்கலாம். அவ்வளவு துல்லியம் வராது, ஆனாலும் மோசமான லாட்டைக் காட்டிக் கொடுக்கும்.

டப்பா மாற்றியதும் முதல் ஐந்து பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு பத்துப் பத்தாக மூன்று காகிதம் அடியுங்கள். ஐந்து அடித்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. ஐந்து பெல்லட் தற்செயலாக ஒரே இடத்தில் விழுந்து ஏமாற்றும், பத்து அடிக்கும்போது சாயம் வெளுத்துவிடும். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5-ஐக் கழியுங்கள். அதுதான் நடுப்புள்ளிகளின் பரவல்.

பரவல் 1 மில்லிமீட்டர் என்றால், கை தப்பே செய்யாத பட்சத்தில், மிக ஓரத்தில் விழுந்ததும் நடுவிலிருந்து அரை மில்லிதான் விலகும், 10.8 கிடைத்துவிடும். பரவல் 3 மில்லிமீட்டர் என்றால் ஓரத்துக் குண்டு 10.4-க்கு இறங்கிவிடும். குண்டுக்குச் சராசரியாக 0.2 போனாலே 60 குண்டில் 12 புள்ளி காலி. மேல்மட்டப் போட்டிகளில் தசமப் புள்ளியில் ஆட்கள் வெளியே போகிறார்கள், அங்கே 12 என்பது மலை.

எடை போட்டுப் பிரிச்சா பலன் இருக்குங்களா?

கொஞ்சம்தான் இருக்கிறது. இதற்குக் கணக்கோடு பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் எடை போடுவதிலேயே இரவெல்லாம் உட்கார்ந்து கண் கெட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

ரைபிள் பெல்லட் 0.53 கிராம். வாயை விட்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டர் போய்ச் சேர 0.06 நொடி ஆகிறது. அதற்குள் பூமி இழுப்பில் 17, 18 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது, அதைச் சைட் சரிக்கட்டிக்கொள்கிறது. இப்போது ஒரு பெல்லட் நூற்றுக்கு ஒன்று, அதாவது 5 மில்லிகிராம், கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். அதே ஆற்றலில் அதன் வேகம் நூற்றுக்கு அரை குறையும், இறக்கம் நூற்றுக்கு ஒன்று கூடும். 17-இல் நூற்றுக்கு ஒன்று என்றால் 0.17 மில்லிமீட்டர். 0.1 புள்ளிக்கும் வராது. நல்ல போட்டி டப்பாவில் பெரும்பாலானவை சில மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும்.

அப்படியும் எடை போடுவேன் என்பவர்களுக்கு: ஒரு மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும், படிக்கல் வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து எடை போட்டீர்கள் என்றால் தராசு சொல்வது காற்றின் எடையைத்தான். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

எடையை விடக் கண் பார்க்கும் வேலை பெரிது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் செல்வபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதர். தராசு இரவல் கேட்டு ஒரு டப்பாவோடு போயிருந்தேன். தராசை எடுக்கவே இல்லை. சாமணத்தில் ஒரு பெல்லட்டைத் தூக்கி, கண்ணில் லென்ஸை மாட்டி, விளக்கடியில் மெதுவாகத் திருப்பினார். "இதுல வாய் நெளிஞ்சிருக்குதுங்க" என்று ஓரமாக வைத்தார். அடுத்தது, அதற்கடுத்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது உருப்படி ஓரத்தில் கிடந்தன. பிறகு ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். தலையும் பாவாடையும் வேறு வேறு விட்டம் என்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்து போகும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் குவிந்தன. அந்த ஒன்பதில் சில தத்தித் தத்தி வேறு பக்கம் போயின. நான் தராசை வாங்காமலே வீடு வந்தேன். இன்றைக்கு எங்கள் ரேஞ்சில் போட்டிக்கு முதல் நாள் பிள்ளைகள் கண்ணாடியில்தான் உருட்டுகிறார்கள்.

தலை அளவு 4.49, 4.50, 4.51னு போட்டிருக்குதே, மைக்ரோமீட்டர்ல அளந்து பார்க்கட்டுங்களா?

வேண்டாம். ஈயம் நம் மைக்ரோமீட்டரின் அழுத்தத்துக்குத் தாங்காது, அளக்கும்போதே பத்து மைக்ரான் நசுங்கிவிடும், அளவும் பொய், பெல்லட்டும் பாழ். 4.49-க்கும் 4.50-க்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பத்து மைக்ரான்தான். ஒவ்வோர் அளவிலும் ஒரு டப்பா கிடைத்தால் சுட்டுப் பாருங்கள், பேரலே சொல்லிவிடும்.

பாப்பா இப்பத்தான் 40 குண்டுல 340 அடிக்கறா. அவளுக்கும் விலை கூடுன டப்பா வாங்கணுங்களா?

இப்போது வேண்டாங்க. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். 340 என்றால் குண்டுக்குச் சராசரி 8.5. அவளுடைய பரவல் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பெல்லட்டின் பிழை இரண்டு மில்லி என்றாலும், இரண்டும் அப்படியே கூட்டலாகச் சேராது. பத்தின் வர்க்கம் நூறு, இரண்டின் வர்க்கம் நான்கு, 104-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 10.2. பத்து பத்தே கால் கூட ஆகவில்லை. பெல்லட் மாற்றி அவளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது ஒரே மாதிரியான, நசுங்காத, சாதாரணப் பயிற்சி பெல்லட். அதோடு தினமும் இருபது நிமிடம் வெறும் டிரிகர் பயிற்சி. போட்டி ரைபிள்களில் காற்று விடாமல் டிரிகர் மட்டும் வேலை செய்ய ஒரு ஏற்பாடு உண்டு, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ரைபிளில் இதைச் செய்யக் கூடாது, பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் முட்டி சீல் போய்விடும். சராசரி 9.8-ஐத் தாண்டட்டும், நானே அவளுக்கு லாட் சோதனை செய்து தருகிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் என்று அவளிடம் சொல்லி வையுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவுதான்.

வெல்டிங் பட்டறை சிலிண்டர்ல இருந்து காத்து ஏத்திக்கலாமுங்களா?

ஆக்சிஜன் சிலிண்டரை ரைபிள் பக்கமே கொண்டு வராதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் தெருவுக்கு ஒரு பட்டறை, எல்லாவற்றிலும் ஆக்சிஜன் சிலிண்டர், அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே வருகிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். ரைபிளுக்குள் சீல்களில் கிரீஸ் இருக்கிறது, முகம் அதன் மேல் சாய்ந்திருக்கிறது.

வேண்டியது ஈரமில்லாத சாதாரணக் காற்று, 200 பார் அழுத்தத்தில். டயர் கடைக் கம்ப்ரசர் பத்து பார் அளவில் நின்றுவிடும், அது ஆகாது. முக்குளிப்போர் வைத்திருக்கிற மாதிரி சிலிண்டரிலிருந்தோ, இதற்கென்றே உள்ள கைப் பம்பிலோ ஏற்றுங்கள். ரைபிள் சிலிண்டரின் மேல் தயாரித்த தேதி அச்சடித்திருக்கும். ஆயுள் பொதுவாக 10 வருடம், முடிந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் பேரலைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

பெல்லட்டுக்கு எண்ணெய் போடணுங்களா? பேரலைச் சுத்தம் பண்றது எப்படி?

போட்டி பெல்லட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சோப்பில் கழுவவும் வேண்டாம். வந்தபடியே பயன்படுத்துங்கள். பேரலுக்குச் சுட்டு முடித்ததும் இரண்டு மூன்று ஃபெல்ட் துண்டு போட்டு அடித்தால் போதும். இரும்புக் கம்பியை வாயிலிருந்து உள்ளே குத்தி யாராவது சுத்தம் செய்தால் தடுங்கள், பேரல் வாயின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் எந்த லாட்டும் அதைக் காப்பாற்றாது.

ஈயம் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான். குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, அதை அடியோடு விட வேண்டும். ரேஞ்சுக்குள் முறுக்கு, கடலை மிட்டாய் எதுவும் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும். இலக்குப் பெட்டியில் சேரும் ஈயத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி மூச்சில் ஏறும், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். நாள்பட்ட டப்பாவில் வெள்ளையாகப் பூத்த பெல்லட்டையும் தொட வேண்டாம், சுடவும் வேண்டாம்.

தோட்டத்துல மயிலு தக்காளியக் கொத்துது, பன்னி கடலைக்காயத் தோண்டுது. இதுல விரட்டலாமுங்களா?

கூடாது. மயில் நம் தேசியப் பறவை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் சிறை. 7.5 ஜூல் பெல்லட் பன்னியைக் கொல்லாது, காயத்தோடு அலைய விடும், அது இன்னும் பாவம். உழைத்ததெல்லாம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், எங்கள் அப்புச்சி தோட்டமும் அன்னூர்ப் பக்கம்தான். வனத்துறையில் எழுதிக் கொடுங்கள். நான் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை ஓர் உயிரைப் பார்த்துக் குறி வைத்தது தெரிந்தால் அன்றோடு அதன் கையில் ரைபிள் கொடுப்பதை நிறுத்திவிடுவேன்.

வீட்டுல ரேஞ்ச் போட முடியுங்களா?

10 மீட்டர் நீளம் இருந்தால் முடியும். தறிக்குடோன் காலியாகக் கிடக்கிற வீடுகளில் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். பின்னால் கெட்டியான இரும்புத் தகடு, கீழ்நோக்கிச் சாய்த்து, பெல்லட் தெறிக்காமல் பெட்டிக்குள் விழும்படி. இலக்குப் பக்கம் கதவு இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டே சுட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி எல்லோருக்கும், வேடிக்கை பார்ப்பவருக்கும்.

மிச்சம் இருக்கற ஒத்துவராத டப்பாக்களை என்ன பண்றதுங்க?

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பேரலுக்கு ஒத்துவராத லாட் இன்னொருவர் பேரலில் ஒரே ஓட்டையாகப் போகலாம். எங்கள் ரேஞ்சில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்குகிறது. யார் எந்த லாட்டை எந்த ரைபிளில் அடித்தார், பரவல் எவ்வளவு என்று அவரவர் கையால் எழுதி, அந்தப் பத்துக் குண்டுக் காகிதத்தையும் பின் அடித்து வைக்கிறோம். நான் ஐந்து டப்பா வாங்கி ஏமாந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதில் மூன்று இப்போது பன்னிரண்டாவது படிக்கும் ஒரு தம்பியிடம் இருக்கின்றன. அவன் ரைபிளில் பரவல் 1.1 மில்லிமீட்டர் என்று நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.